நாடு கடத்தப்பட்ட பெண் லண்டனுக்குக் கொடுத்த திருவிழா: யார் இந்த கிளாடியா ஜோன்ஸ்?

தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் என்று ஒரு பகுதி இருக்கிறது. சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பெரிய சதுக்கம் வரும். நாற்காலிகளில் உட்கார்ந்து வயதானவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய நூலகம், இன்னொரு பக்கம் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஆவணக் காப்பகம்.

இந்த இடத்தின் பெயர் விண்ட்ரஷ் சதுக்கம். ஒரு கப்பலின் பெயரை லண்டன் மாநகரம் ஏன் ஒரு சதுக்கத்துக்கு வைத்தது என்று கேட்டால், அதற்கான பதில் கரீபியன் தீவுகளில் இருந்து தொடங்கும். அந்தக் கதையைச் சொல்லப் போனால் ஒரு பெண்ணின் பெயரைத் தவிர்க்கவே முடியாது. அவர்தான் கிளாடியா ஜோன்ஸ்.

விண்ட்ரஷ் கப்பலில் அவர் வரவில்லை. அந்தக் கப்பல் வந்து ஏழு வருடம் கழித்து, வேறொரு நாட்டில் இருந்து துரத்தப்பட்டு லண்டனுக்கு வந்தார். அப்புறம் ஒன்பது வருடம்தான் உயிரோடு இருந்தார். அதற்குள் அவர் செய்துவிட்டுப் போன இரண்டு விஷயங்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஒன்று, ஒரு பத்திரிகை. இன்னொன்று, ஒரு திருவிழா.

முதலில், அது என்ன விண்ட்ரஷ்?

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் தெரியும். ஜமைக்கா, டிரினிடாட், பார்படாஸ் என்று பல தீவுகள். அப்போது இவை பிரிட்டனின் காலனிகள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டனில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. தீவுகளிலோ வேலையில்லாத் திண்டாட்டம். அந்த நேரத்தில்தான் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் ஜமைக்கா வழியாக லண்டனுக்குப் போகிறது, குறைந்த கட்டணம் 28 பவுண்டு 10 ஷில்லிங் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

1948 ஜூன் 22 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள டில்பரி துறைமுகத்தில் பயணிகள் இறங்கினார்கள். கப்பலில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் கரீபியன்காரர்கள். போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

தங்க இடம் இல்லாத 200-க்கும் மேற்பட்டவர்களை அரசு கிளாபம் சவுத் என்ற இடத்தில் தங்க வைத்தது. எங்கே தெரியுமா? பூமிக்கு அடியில், போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் ஒளிந்துகொண்ட பதுங்கு அறையில். அங்கிருந்து வேலை தேடிப் போனவர்களுக்கு, பக்கத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் கோல்ட்ஹார்பர் லேன் என்ற தெருவில் இருந்தது. வேலை கிடைத்தவர்கள் அங்கேயே சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு அறை தேடினார்கள். பிரிக்ஸ்டன் கரீபியன் மக்களின் ஊராக மாறியது இப்படித்தான்.

சுரங்க அறையில் தொடங்கிய அந்த வாழ்க்கையை நினைவுபடுத்தத்தான், கப்பல் வந்து 50 ஆண்டுகள் நிறைந்த 1998-இல் சதுக்கத்துக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

டிரினிடாட் சிறுமி, நியூயார்க் குளிர்

சரி, கிளாடியாவுக்கு வருவோம். 1915 பிப்ரவரி 21, டிரினிடாடின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பெல்மாண்ட் என்ற பகுதியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் கிளாடியா வேரா கம்பர்பாட்ச்.

கோகோ விலை சரிந்து தீவின் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது, பெற்றோர் முதலில் நியூயார்க்குக்குப் போனார்கள். 1924-இல் கிளாடியாவும் சகோதரிகளும் பின்னாலேயே கப்பலேறினார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயதுகூட சரியாக நிரம்பவில்லை.

கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெமில் குடும்பம் குடியேறியது. அமெரிக்கா போனால் கஷ்டம் தீரும் என்று நினைத்தது நடக்கவில்லை. அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போய்ச் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, 37 வயதில் இறந்துபோனார். அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை.

கிளாடியா படிப்பில் கெட்டி. பள்ளியில் நல்ல குடிமகளுக்கான விருதுகூட வாங்கினார். எந்த நாடு அந்த விருதைக் கொடுத்ததோ, அதே நாடு பின்னாளில் அவரைக் குடிமகளாக ஏற்க மறுத்தது. பள்ளிப் படிப்பை முடித்தபோது பட்டமளிப்பு உடை வாங்கக் குடும்பத்தில் காசில்லை. அதனால் விழாவுக்கே போகவில்லை.

17 வயதில் காசநோய் வந்தது. ஈரம் படிந்த, காற்றோட்டமில்லாத வீடு. ஒரு வருடம் சிகிச்சை எடுத்து மீண்டாலும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர் வாழ்க்கை முழுக்க அந்த நோயின் விளைவு கூடவே வந்தது.

பெயர் மாறியது எப்படி?

படிப்பை முடித்ததும் சலவைக் கடை, தொழிற்சாலை, விற்பனை என்று கிடைத்த வேலையைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தது ஸ்காட்ஸ்போரோ வழக்கு. அலபாமா மாகாணத்தில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது பொய்யான பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு. அவர்களுக்காக முன்னால் நின்று வாதாடியவர்கள் கம்யூனிஸ்டுகள். அதைப் பார்த்துத்தான் 1936-இல் இளம் கம்யூனிஸ்ட் அமைப்பில் கிளாடியா சேர்ந்தார்.

எழுத்து அவருக்கு இயல்பாக வந்தது. சீக்கிரமே கட்சிப் பத்திரிகைகளில் எழுத, ஆசிரியர் பொறுப்பும் தேடி வந்தது. கம்பர்பாட்ச் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஜோன்ஸ் என்று வைத்துக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். அரசின் கண்காணிப்பில் இருந்து தப்பிப்பதற்காக எடுத்த பெயர் அது. ஆனால், அமெரிக்க உளவு அமைப்பான எஃப்பிஐ ரொம்ப நாள் ஏமாறவில்லை. அவரைப் பற்றிய கோப்பு பருத்துக்கொண்டே போனது.

1949-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. கறுப்பினப் பெண் மூன்று சுமைகளை ஒரே நேரத்தில் தூக்குகிறாள் என்பது அதன் சாரம். கறுப்பினத்தவர் என்பதால் ஒன்று, தொழிலாளி என்பதால் ஒன்று, பெண் என்பதால் ஒன்று. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அவளுடைய நிலைமை புரியாது என்று அதில் வாதிட்டார். கட்சிக்குள்ளேயே இதைக் கவனிக்காமல் இருக்கிறார்கள் என்று தன் தோழர்களையும் சேர்த்துத்தான் விமர்சித்தார்.

கைது, சிறை, நாடு கடத்தல்

போர் முடிந்ததும் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியது. கிளாடியா குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் இருந்து அங்கேயே வளர்ந்தவர், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டுக்காரர். அதுவே அரசுக்கு வசதியாகப் போனது.

1948 ஜனவரியில் முதல் கைது. எல்லிஸ் தீவில் அடைத்து வைத்தார்கள். குடியேறிகளை வரவேற்கும் வாசல் என்று பெயர் வாங்கிய அதே தீவு. அடுத்தடுத்து கைதுகள் தொடர்ந்தன. 1951-இல் ஸ்மித் சட்டத்தின் கீழ், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக வழக்கு. பெண்கள், உலக அமைதி பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையே அவருக்கு எதிராக நீட்டப்பட்டது. அந்த ஆண்டே மாரடைப்பும் வந்தது. வயது வெறும் 36.

1953-இல் தீர்ப்பு: ஒரு வருடம் ஒரு நாள் சிறை, 200 டாலர் அபராதம். மேல்முறையீடு தோற்ற பிறகு 1955 ஜனவரியில் வெஸ்ட் வர்ஜீனியா மாகாணத்தின் ஆல்டர்சன் பெண்கள் சிறைக்குப் போனார். அக்டோபரில் வெளியே வந்தவருக்குக் காத்திருந்தது நாடு கடத்தும் உத்தரவு.

எங்கே அனுப்புவது? இங்கேதான் சிக்கல். பிறந்த ஊரான டிரினிடாட் அப்போது பிரிட்டிஷ் ஆளுநரின் கையில் இருந்தது. இவர் வந்தால் தொல்லை என்று நினைத்த ஆளுநர் அனுமதி மறுத்தார். வளர்ந்த நாடு வெளியே போ என்கிறது, பிறந்த நாடு உள்ளே வராதே என்கிறது. கடைசியில், பிரிட்டிஷ் பிரஜையாகப் பிறந்தவர் என்ற முறையில் லண்டன் அவரை ஏற்றுக்கொண்டது.

1955 டிசம்பர் 7 அன்று ஹார்லெமின் தெரசா ஹோட்டலில் 350 பேர் கூடி வழியனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துக் கப்பலேறினார். அதன் பிறகு அமெரிக்காவுக்கு அவர் திரும்பவே இல்லை.

பிரிக்ஸ்டனில் பார்த்தது என்ன?

லண்டன் வந்து சேர்ந்தபோது அவருக்கு 40 வயது. உடல்நிலை மோசம். முதல் வருடத்தில் கொஞ்ச காலம் மருத்துவமனையிலேயே கழிந்தது. பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியிலும் எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லை.

ஆனால், தெருவில் இறங்கியபோது பழகிய முகங்கள். டிரினிடாட், ஜமைக்கா பேச்சு. பேருந்தில் நடத்துநர், மருத்துவமனையில் செவிலியர், ரயில்வேயில் தொழிலாளி என்று நகரத்தை இயக்குவதே இவர்கள்தான். ஆனால் வாடகைக்கு அறை கேட்டுப் போனால், கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று ஜன்னலில் அட்டை தொங்கும். வேலையில் சிக்கல் வந்தால் யாரிடம் போவது, எந்தச் சட்டம் தங்களைக் காப்பாற்றும் என்று சொல்ல ஆளில்லை. லண்டன் பத்திரிகைகளுக்கு இவர்கள் ஒரு பிரச்சினை மட்டும்தான்.

இதற்குக் கிளாடியா கண்ட வழி, சொந்தமாக ஒரு பத்திரிகை.

1958 மார்ச்சில் வெஸ்ட் இண்டியன் கெஜட் தொடங்கியது. முகவரி, பிரிக்ஸ்டன் சாலையில் 250-ஆம் எண். கீழே இசைத்தட்டு விற்கும் கடை, மாடியில் பத்திரிகை அலுவலகம். இன்றைய விண்ட்ரஷ் சதுக்கத்தில் இருந்து வடக்கே போகும் சாலைதான் அது. பத்திரிகையைத் தொடங்கத் துணை நின்றவர்களில் ஒருவர், பிரபல கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஆமி ஆஷ்வுட் கார்வி.

மாடியில் நடந்தது பத்திரிகை வேலை மட்டுமில்லை. வீடு கிடைக்காதவர், வேலை போனவர், போலீசிடம் மாட்டியவர் என்று எல்லோரும் படியேறி வருவார்கள். செய்தி எழுதியவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை. பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற டொனால்ட் ஹிண்ட்ஸ் அப்போது பேருந்து நடத்துநர். பத்திரிகையில் தீவுகளின் செய்தி, ஆப்பிரிக்க விடுதலைச் செய்தி, கவிதை, கதை எல்லாம் வரும். காசு மட்டும் எப்போதும் பற்றாக்குறை. கடனிலேயே ஓடியது. நேரத்துக்கு வராத மாதங்களும் உண்டு. நிறவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான் பெயரில் மிரட்டல் கடிதமும் வந்தது.

கலவரத்துக்கு பதில், கார்னிவல்

பத்திரிகை தொடங்கிய அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசி. முதலில் நாட்டிங்காம் நகரில், அப்புறம் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில்லில் கலவரம் வெடித்தது. வெள்ளைக்கார இளைஞர்கள் கும்பலாகத் திரண்டு கரீபியன் மக்களைத் தெருவில் துரத்தி அடித்தார்கள், வீடுகளைத் தாக்கினார்கள். செப்டம்பர் முதல் வாரம் வரை இது நீடித்தது. கைது செய்யப்பட்டவர்களில் தற்காத்துக்கொண்ட கறுப்பின இளைஞர்களும் இருந்தார்கள்.

மக்கள் கோபத்திலும் பயத்திலும் இருந்தார்கள். இந்தக் கசப்பை வாயில் இருந்து கழுவ என்ன வழி என்ற பேச்சு வந்தபோது கிளாடியா முன்வைத்த யோசனை, நம்ம ஊர் கார்னிவலை இங்கே நடத்தலாம் என்பது.

டிரினிடாடில் கார்னிவல் என்பது வெறும் கொண்டாட்டம் இல்லை. அடிமைத்தனத்தில் இருந்து விடுபட்ட மக்கள் தெருவைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட விழா. கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன்னால், பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அந்த மாதக் கணக்கை விடாமல் லண்டனில் நடத்த வேண்டும் என்றால் உறைய வைக்கும் குளிர். தெருவில் ஆட முடியாது. அதனால் மண்டபம் பிடித்தார்கள்.

1959 ஜனவரி 30, செயின்ட் பான்க்ராஸ் டவுன் ஹால். ஸ்டீல் பேண்ட் இசை, காலிப்ஸோ பாட்டு, நடனம், அழகிப் போட்டி. பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. கறுப்பினப் பெண்களுக்கு அழகி என்ற பட்டம் கொடுத்து மேடையில் நிறுத்தியது அன்றைய பிரிட்டனில் சாதாரண விஷயம் இல்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு விற்ற நிகழ்ச்சி மலரின் வருமானத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் கலவர வழக்கில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்துக்குப் போனது. கறுப்பின இளைஞர்களுக்கு மட்டுமல்ல, வெள்ளை இளைஞர்களுக்கும்.

ஆனால் ஒரு விழாவால் நிறவெறி ஓடிவிடவில்லை. அதே ஆண்டு மே 17 அன்று, ஆண்டிகுவா தீவைச் சேர்ந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சர் நாட்டிங் ஹில் பக்கம் நடந்து போகும்போது வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் கிளாடியாவும் ஒருவர். மண்டபக் கார்னிவலும் வருடாவருடம் வேறு வேறு அரங்குகளில் தொடர்ந்தது.

கடைசி வருடங்கள்

1962-இல் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்தது. காலனி மக்கள் பிரிட்டனுக்கு வருவதற்கு முதல்முறையாகக் கட்டுப்பாடு. நிறத்தைப் பார்த்து வாசலைச் சாத்தும் சட்டம் என்று கெஜட் எதிர்த்தது, ஊர்வலங்கள் நடந்தன. குடியேற்றச் சட்டம் ஒரு மனுஷியை என்ன செய்யும் என்று கிளாடியாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே!

1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவாக, லண்டனில் அமெரிக்கத் தூதரகம் நோக்கி ஊர்வலம் நடத்தினார். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான போராட்டங்களிலும் நின்றார். 1964-இல் ஜப்பான், சீனா பயணம். அந்த டிசம்பரில், நோபல் பரிசு வாங்கப் போகும் வழியில் லண்டன் வந்த கிங்கைச் சந்தித்தார். அதைப் பற்றி அவர் எழுதிய தலையங்கம் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1964 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வடக்கு லண்டனில் தன் வீட்டில் தனியாக இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். மறுநாள்தான் தெரியவந்தது. வயது 49. சிறுவயதுக் காசநோயும் இதய நோயும் சேர்ந்து உயிரை எடுத்துவிட்டன. ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸின் சமாதிக்கு இடது பக்கத்தில் அவருடைய அஸ்தி அடக்கம் செய்யப்பட்டது.

அவர் போன சில மாதங்களில் வெஸ்ட் இண்டியன் கெஜட்டும் நின்றுபோனது.

நாட்டிங் ஹில் கார்னிவலைத் தொடங்கியவர் இவரா?

இது அடிக்கடி வரும் கேள்வி. நேரடியாகப் பார்த்தால் இல்லை. நாட்டிங் ஹில் தெருக்களில் நடக்கும் விழா 1966-இல் ரௌன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் ஏற்பாடு செய்த தெருத் திருவிழாவில் இருந்து வளர்ந்தது. அப்போது கிளாடியா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனால், கரீபியன் கார்னிவலை லண்டனுக்குப் பழக்கியது கிளாடியாவின் மண்டப விழாக்கள்தான். அதனால்தான் இருவரையுமே அந்த விழாவின் முன்னோடிகளாக மதிக்கிறார்கள். இன்றைக்கு ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் நாட்டிங் ஹில் கார்னிவல், ஐரோப்பாவின் மிகப் பெரிய தெரு விழாக்களில் ஒன்று.

சதுக்கத்தில் திரும்பவும் அதே கேள்வி

கிளாடியாவின் கதை 1964-இல் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாதபடி 2018-இல் ஒரு விஷயம் நடந்தது.

1973-க்கு முன்னால் சட்டப்படி பிரிட்டனுக்கு வந்து, அங்கேயே வளர்ந்து, வேலை பார்த்து, வரி கட்டியவர்களிடம் அரசு திடீரென்று ஆதாரம் கேட்டது. பலர் குழந்தையாக அப்பா அம்மாவுடன் வந்தவர்கள். கையில் எந்தக் காகிதமும் இல்லை. அவர்கள் வந்ததற்குச் சாட்சியாக இருந்திருக்கக்கூடிய பழைய வருகைச் சீட்டுகளை உள்துறையே 2010-இல் அழித்துவிட்டிருந்தது. வேலை போனவர்கள், சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் பலர். குறைந்தது 80 பேர் தவறாக நாடு கடத்தப்பட்டார்கள். விண்ட்ரஷ் ஊழல் என்று இதற்குப் பெயர். பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார், உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

அப்போது மக்கள் திரண்டு நின்ற இடங்களில் ஒன்று, பிரிக்ஸ்டனின் விண்ட்ரஷ் சதுக்கம். வளர்ந்த நாட்டிலேயே நீ வெளிநாட்டுக்காரர் என்று சொல்லப்பட்ட வலி, 1955-இல் கிளாடியாவுக்கு நேர்ந்தது. 63 வருடம் கழித்து அதே வலி, அவர் யாருக்காகப் பத்திரிகை நடத்தினாரோ அந்த மக்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வந்தது.

சதுக்கத்தில் இன்றைக்கு நிற்பவற்றைப் பார்த்தாலே இந்த வரலாறு புரியும். நூலகத்துக்கு முன்னால் இருக்கும் மார்பளவுச் சிலை, அதைக் கட்டிக்கொடுத்த சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட்டுடையது. சர்க்கரை என்றாலே கரீபியன் கரும்புத் தோட்டங்களும் அங்கே உழைத்த அடிமைகளும் நினைவுக்கு வருவார்கள். பக்கத்தில், இரண்டு உலகப்போர்களிலும் பங்கெடுத்த ஆப்பிரிக்க, கரீபியன் வீரர்களுக்கு 2017-இல் வைத்த நினைவுச் சின்னம். 2014-இல் இங்கே குடிவந்த கறுப்பினக் கலாசாரக் காப்பகம் சதுக்கத்தின் 1-ஆம் எண் கட்டிடத்தில் இருக்கிறது.

கிளாடியாவின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைக்கவே 1984 வரை ஆனது. 2008-இல் பிரிட்டன் அஞ்சல் துறை அவர் முகத்தோடு தபால்தலை வெளியிட்டது. 2023-இல், பிரிக்ஸ்டனுக்குப் பக்கத்தில் வாக்ஸால் பகுதியில் அவர் குடியிருந்த வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. கெஜட்டைத் தொடங்கியபோதும், முதல் கார்னிவலுக்கு மண்டபம் பிடித்தபோதும் அவர் வாழ்ந்தது அந்த வீட்டில்தான்.